கரிசல் மண்ணுல முதல் வீடு: முன்னாடி இடம் விடவா, ரூம் எடுக்கவா?

நாலுசென்ட்
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டில இருந்து எட்டயபுரம் ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி நாலு சென்ட் இடம் வாங்கியிருக்கோம், முப்பதுக்கு அம்பத்தெட்டு, கிழக்கு பாத்த மனை. மூலப்பத்திரம் பட்டா வில்லங்கம் எல்லாம் வக்கீல்ட்ட காமிச்சு பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. எங்க வீட்டுல முதல் சொந்த வீடு இதுதான். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்து எங்கள படிக்க வச்சவரு, அம்மா கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலயே இருந்து போய்ட்டாங்க, அதனால இத நல்லா கட்டணும்னு ஒரு வைராக்கியம்.

ரெண்டு விஷயத்துல முடிவு எடுக்க முடியல. ஒண்ணு அஸ்திவாரம். மேஸ்திரி அஞ்சடி தோண்டி காலம், அதான் தூணு, போட்டா போதும்ங்காரு, பிளான் போட்ட இன்ஜினியர் இது சுத்த கரிசல், பைல், அதாவது ஆழமா துளை போட்டு இறக்குற காங்கிரீட் தூணு, போடணும்ங்காரு, அதுக்கு செலவு கூட. ரெண்டாவது, முன்னாடி பத்து பன்னெண்டு அடி சும்மா விடணும்னு அப்பாவும் வீட்டுக்காரியும் சொல்றாங்க. பையன் எட்டாவது படிக்கான், ஹாக்கி ஆடுறான், காலைல கிரவுண்டுக்கு போயிருவான், சாயங்காலம் வீட்டுல ஸ்டிக்க எடுத்தா வாடகை வீட்டுக்காரங்க சத்தம் போடுதாங்க, பந்து சுவத்துல படுதுன்னு. மச்சான் என்ன சொல்றாருன்னா அந்த இடத்துல ஒரு ரூம் எடுத்து கடைக்கோ ஆபீஸுக்கோ விட்டா மாசம் வாடகை வரும், லோன் தவணைக்கு கை கொடுக்கும்னு. அதுவும் நியாயமாத்தான் தெரியுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

அஸ்திவாரம்
சிவில் இன்ஜினியரா இருக்கேன், அருப்புக்கோட்டை சாத்தூர் பக்கம்தான் பெரும்பாலும் வேலை, அதனால இந்த மண்ணோட பழகுனவன். மேஸ்திரி சொல்றதையும் இன்ஜினியர் சொல்றதையும் வச்சு சண்டை போட வேண்டாம், மண்ண கேளுங்க. மனையில ரெண்டு மூலையில ஆள் இறங்குற அளவு குழி தோண்டி பாருங்க. நம்ம பக்கம் சில இடத்துல அஞ்சாறு அடியிலயே சுக்கான் பாறை, அதான் சுண்ணாம்புப் பாறை, தட்டிரும், அது கிடைச்சா அதுமேல சாதாரண ஃபுட்டிங் உக்கார வச்சு மேல வந்துரலாம், மேஸ்திரி சொல்றது அப்ப சரி. பத்தடி தாண்டியும் கருப்பா கொழகொழன்னு வந்துட்டே இருந்தா இன்ஜினியர் சொல்றதுதான் சரி.

ஏன்னா கரிசல் மண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்கு சுருங்கும். புரட்டாசி முடிஞ்சு மழை இறங்குனா வீட்ட தூக்கும், சித்திரை வைகாசில விட்டு இறங்கும். இந்த ஏத்த இறக்கம் மேல இருந்து ஒரு பத்து பன்னெண்டு அடி ஆழம் வரைக்கும் இருக்கும், அதுக்கு கீழ ஈரம் பெருசா மாறாது. அண்டர் ரீம்டு பைலோட வேலையே அந்த ஆட்டம் இல்லாத ஆழத்துக்கு போய் பிடிச்சுக்கிறதுதான். தண்டு ஒரு அடி விட்டம்னா அடியில குடம் மாதிரி ரெண்டரை மடங்கு விரிஞ்சிருக்கும், முப்பது இன்ச். மண்ணு மேல இழுத்தாலும் அந்த குடம் விடாது. பைல் தலைய எல்லாம் பெல்ட் பீம் போட்டு கட்டணும், அந்த பீமுக்கு அடியில மூணு இன்ச் இடைவெளி விடணும், மறந்துராதீங்க. மண்ணு உப்புனா அந்த காலி இடத்துல உப்பிக்கிடட்டும், பீம தூக்கக் கூடாது. பைல் போட்டுட்டு பீம மண்ணு மேலயே உக்கார வச்ச வீடுக இருக்கு, போட்ட காசுக்கு பிரயோசனமே இல்லாம போச்சு.

தோண்டுன கருப்பு மண்ணையே பேஸ்மெண்டுக்குள்ள திருப்பி கொட்டி மூடவும் விடாதீங்க. கிராவல் அடிச்சு, அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு கெட்டிக்கணும். இல்லன்னா சுவர் நிக்கும், தரை டைல்ஸ் தூக்கிட்டு வரும்.

விளாத்திகுளம் மதினி
தம்பி, இன்ஜினியர் சார் சொல்றது அத்தனையும் உண்மை. எங்க மாமியார் வீட்டுல ஜன்னல் மூலையில இருந்து கோணலா ஒரு விரிசல். சித்திரைல விரல் போகும், கார்த்திகைல மூடிக்கிடும், வருஷா வருஷம் சிமெண்ட் வச்சு பூசுவாக, வருஷா வருஷம் திறக்கும். வானம், அதான் அஸ்திவாரக் குழி, தோண்டுறப்ப மிச்சம் பிடிச்ச காசு எல்லாம் பூசுறதுலயே போயிருச்சு. அதனால நாங்க கட்டும்போது மண்ணுக்கு கீழ காச போடுங்க, மேல பூசாம கூட இருப்போம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். உள்ள வெள்ளை மட்டும் அடிச்சு வெளிப்பூச்சு இல்லாமத்தான் பால் காய்ச்சினோம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

முன்னாடி இடத்த பத்தி கேட்டீகள்ல. கண்டிப்பா விடுங்க. வத்தல் காயப்போட, பொங்கலுக்கு அடுப்பு கூட்ட, ஒரு விசேஷம்னா நாலு சேர் போட, சாயங்காலம் கரண்டு போனா உக்கார இடம் வேணும். தண்ணி வர்ற நாளு குடம் வரிசையா வைக்கவாவது வேணும்ல? வீட்டுக்குள்ளயே காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறது பொம்பளைங்கதான், அவுக முன்னாடி இடம் கேட்டா அது ஆடம்பரம் கிடையாது. இன்னொண்ணு, அடுப்பு மேடை உயரம் கொத்தனார் வழக்கமா வைக்கிறத வைக்காம, உங்க வீட்டுக்காரிய நிக்கச் சொல்லி அவுக முழங்கைக்கு ஒரு சாண் கீழ வச்சு கட்டுங்க. முதுகுவலி பாதி குறையும்.

வாடகைக்கணக்கு
எல்லாரும் இடம் விடு இடம் விடுன்னு சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா தவணை கட்டுறவன் நிலைமைய யோசிங்க. பேங்க்ல மொத்தமா பணம் தர மாட்டாங்க, பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப்னு வேலை ஏற ஏற தான் பிரிச்சு விடுவாங்க, அதுவரைக்கும் வாங்குன பணத்துக்கு வட்டி கட்டிட்டே இருக்கணும், கூடவே இருக்கிற வீட்டு வாடகையும். ரெண்டு பக்கமும் போகும்போது ஒரு கடை வாடகை வந்தா எவ்வளவு தெம்பு தெரியுமா. மச்சான் சொல்றத ஒதுக்காதீங்க. பிள்ளை விளையாட கிரவுண்ட் ஊருக்குள்ளயே இருக்கு, கோவில்பட்டில ஹாக்கி கிரவுண்டுக்கு என்ன பஞ்சம்?

லெஃப்ட்அவுட்
கிரவுண்ட் இருக்கு அண்ணாச்சி, ஆனா அங்க பையனுக்கு ஸ்டிக்கும் பந்தும் தனியா கிடைக்கிற நேரம் எவ்வளவு இருக்கும்? அத்தனை பிள்ளைக வருது. ஹாக்கி ஆடி, பின்னாடி பள்ளிக்கூடத்துல பிடி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், அதனால இதுல மட்டும் கொஞ்சம் அடிச்சே சொல்லுவேன். மேட்ச் ஆடுறது கிரவுண்டுல, ஸ்டிக் வொர்க் வர்றது வீட்டு வாசல்ல. பந்த இடதும் வலதுமா ஸ்டிக்க புரட்டி புரட்டி இழுக்கிற இந்தியன் டிரிபிளுக்கு பத்துக்கு பதினஞ்சு அடி வழவழன்னு சிமெண்ட் தரை போதும், தினமும் அரைமணி நேரம். அது இல்லாத பையன் டர்ஃப்ல, அதான் செயற்கைப் புல் தரையில, இறங்குனா பந்த பாக்க குனிஞ்சே இருப்பான், தலை நிமிராது, பாஸ் குடுக்க ஆள் தெரியாது.

நம்ம ஊரு ஹாக்கி விடுதில பயிற்சி எடுத்த ரெண்டு பேரு, கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம், 2022ல ஜகார்த்தா ஆசிய கோப்பைக்கு இந்தியா டீம்ல ஆடி வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க. அந்த வருஷம் நம்ம ஊருல நடக்கிற லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கி கோப்பை பாக்க வந்த பிள்ளைக கண்ணுல இருந்த வெளிச்சம் எனக்கு மறக்காது. ரெண்டு பேரும் வசதியான வீட்டு பிள்ளைக கிடையாது. உங்க பையன் இந்தியாவுக்கு ஆடணும்னு நான் சொல்ல வரல, ஆடுறவனுக்கு ஒரு துண்டு தரை வேணும், அவ்வளவுதான்.

காம்பவுண்ட் சுவத்துக்கு அடியில பலகை அடிங்க. கோல் போஸ்டுல அடியில இருக்கிற பலகை 18 இன்ச் உயரம், அதே உயரத்துல பன்னெண்டு அடி நீளம் வச்சீங்கன்னா கோல் அகலமும் அதுதான். பெனால்டி கார்னர்ல முதல் அடி அடிக்கிறவன் அந்த பலகைக்கு மேல தூக்கக் கூடாதுங்கிற விதி பையனுக்கு வீட்டுலயே கைக்கு வந்துரும், சுவரும் பேராது, பக்கத்து வீட்டுக்காரரும் சத்தம் போட மாட்டாரு.

நாலுசென்ட்
ஐயா ரொம்ப நன்றி, இத பையன்ட்ட படிச்சு காமிச்சேன், பலகை மேட்டர்ல குதிக்கான். ஜூனியர் உலகக் கோப்பை மதுரைல நடந்தப்ப சுவிட்சர்லாந்து மேட்சுக்கு கூட்டிட்டு போனேன், இந்தியா 5-0ன்னு ஜெயிச்சுது. திரும்பி வர்ற பஸ்ஸுல தூங்கவே இல்ல. அப்புறம் சென்னைல அர்ஜென்டினாவோட வெண்கல மேட்ச் வீட்டுல உக்காந்து பாத்தோம், ரெண்டு கோல் பின்தங்கி கடைசி குவார்ட்டர்ல நாலு போட்டாங்க பாருங்க, அப்பா எழுந்து நின்னு கை தட்டுறாரு, அவருக்கு முட்டு வலி. அன்னைக்குத்தான் முன்னாடி இடம் விட்டுரணும்னு அப்பா முதல்ல சொன்னது.

வாடகைக்கணக்கு அண்ணாச்சி சொல்றதும் மண்டைக்குள்ள ஓடுது. தவணை நான்தான கட்டணும்.

அஸ்திவாரம்
இதுக்கு ஒரு வழி இருக்கு, பொறுமையா படிங்க.

கரிசல் மண்ணுல கட்டுற வீட்டுக்கு சுத்தி தண்ணி இறங்காத தரை வேணும். குறைஞ்சது மூணடி, முடிஞ்சா அதுக்கு மேல, வீட்டுப் பக்கம் இருந்து வெளிய வாட்டம் வச்சு காங்கிரீட். மழைத்தண்ணி சுவர் ஓரமா இறங்குனா அந்த பக்கம் மட்டும் மண்ணு உப்பும், மத்த பக்கம் காஞ்சு கிடக்கும், விரிசல் வர்றதே இந்த வித்தியாசத்துலதான். மொத்த வீடும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குனா அவ்வளவு சேதம் இல்ல. ஆக வாத்தியார் ஐயா கேக்குற சிமெண்ட் தரையும் நான் கேக்குற தரையும் ஒரே தரைதான். முன்னாடி பன்னெண்டு அடி விட்டு அதுல நல்லா தளம் போட்டீங்கன்னா அது பையனுக்கு ஆடுகளம், வீட்டுக்கு காவல். அந்த இடத்துல கடை கட்டி அதுக்கு சாதாரண அஸ்திவாரம் போட்டு வீட்டோட ஒட்டுனீங்கன்னு வைங்க, கடை ஒரு மாதிரி ஆடும், வீடு ஒரு மாதிரி நிக்கும், ஒட்டுன இடம் பிளக்கும். கடைக்கும் பைல் போட்டா அந்த செலவுல வாடகை கணக்கு எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க.

அந்த தளத்துக்கு அடியிலயும் கருப்பு மண்ண ஒரு அடியாவது எடுத்துட்டு கிராவல் போடணும், ஒரே பலகையா போடாம கட்டம் கட்டமா பிரிச்சு போடணும், இல்லன்னா அதுவே வெடிக்கும்.

வாடகைக்கு மாடி இருக்கு. முன்னாடி பன்னெண்டு, பின்னாடி அஞ்சு, ரெண்டு பக்கமும் மூணரை மூணரை விட்டா இருபத்து மூணுக்கு நாப்பத்தொண்ணு, தொள்ளாயிரத்து சொச்சம் சதுர அடி கைல இருக்கு, ரெண்டு பெட்ரூம் தாராளமா வரும். பைலயும் காலத்தையும் இப்பவே மேல ஒரு மாடி தாங்குற மாதிரி டிசைன் பண்ணச் சொல்லுங்க, மூணு நாலு வருஷம் கழிச்சு மாடி எடுத்து முழு வீடா வாடகைக்கு விடுங்க, கடை வாடகைய விட நின்னு வரும். மாடிக்குன்னு மேல நீட்டி விடுற கம்பிய அப்படியே வெயில்ல மழையில விட்டா துரு ஏறிரும், சிமெண்ட் பால் அடிச்சு லேசான கலவை காங்கிரீட்ல மூடி வைங்க, வேணும்ங்கும்போது உடைச்சுக்கலாம். அனுமதியும் கஷ்டம் இல்ல, 2024 ஜூலைல இருந்து 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் தரைத்தளமும் மாடியும்னா ஆன்லைன்ல சுயசான்று முறையிலயே வாங்கிரலாம், உங்களுது அதுக்குள்ளதான் வருது. விடுற அளவு விதிக்கு சரியா இருக்கான்னு உங்க இன்ஜினியர்ட்ட ஒருக்கா பாத்துக்கோங்க, ரோட்டு அகலத்த பொறுத்து மாறும்.

வாடகைக்கணக்கு
ஒட்டுக்கடை பிளக்கும்ங்கிற விஷயம் எனக்கு தெரியாது, நான் இருக்கிறது செம்மண் பூமி. மாடி யோசனை நல்லா இருக்கு. அப்ப நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், ஆனா மாடிப்படிய வெளிய வச்சிருங்க, வாடகைக்கு வர்றவங்க உங்க ஹால் வழியா ஏற வேண்டாம்.

ஷார்ஜாவாசி
நான் இங்க இருந்துக்கிட்டு ஊர்ல தம்பிய வச்சு கட்டுனவன், சாத்தூர் பக்கம். பொருள் விஷயத்துல கொஞ்சம் சொல்றேன். கம்பி வந்து இறங்கும்போது எடை பாருங்க, ஒரு கம்பி 12 மீட்டர் நீளம், 12 எம்எம்னா பத்தே முக்கா கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா வரணும், 10 எம்எம் 7.4 கிலோ, 8 எம்எம் 4.7 கிலோ. விட்டத்த விட்டத்தால பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துரும், தம்பி இத சுவத்துல கரில எழுதியே வச்சிருந்தான். சிமெண்ட் மூட்டைல தயாரிச்ச வாரம் அச்சடிச்சிருக்கும், பழசு வாங்காதீங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிருச்சு, பழைய விலையில கொட்டேஷன் வச்சிருந்தீங்கன்னா புதுசா கேளுங்க.

எங்க வீட்டு ரூஃப் காங்கிரீட் போட்டது 2024 ஜூன் 29, சனிக்கிழமை. காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் முடிஞ்சுது, ராத்திரி டி20 உலகக் கோப்பை ஃபைனல். அப்பா புதுத் தளத்துக்கு காவலா கீழ மணல் குவியல்ல உக்காந்து போன்ல பாக்குறாரு, நான் இங்க ரூம்ல பாக்குறேன், ரெண்டு பேரும் போன வைக்கவே இல்ல. தென்னாப்பிரிக்காவுக்கு முப்பது பந்துல முப்பது ரன் வேணும்ங்கிறப்ப அப்பா பேசாம இருந்தாரு, கடைசி ஓவர்ல சூர்யகுமார் பவுண்டரி கயித்துக்கிட்ட மில்லர் கேட்ச பிடிச்சப்ப அவரு போட்ட சத்தம் இங்க வரைக்கும் நேராவே கேட்டிருக்கும். ஏழு ரன்ல ஜெயிச்சோம். மறுநாள் விடிய முன்னாடி எழுந்து தளத்துல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தியிருக்காரு, கொத்தனார் வர்றதுக்கு முன்னாடியே. வீட்டுல அவரு அதிக நாள் இருக்கல. ஆனா அந்த தளத்துல ஒரு சொட்டு ஒழுகல்ல இன்னைக்கு வரைக்கும், அது அவரு ஊத்துன தண்ணி.

விளாத்திகுளம் மதினி
தம்பி, அப்பாவ நினைச்சு கண்ணு கலங்கிருச்சு. தண்ணி ஊத்துற வேலைய யாரும் சின்ன வேலைன்னு நினைக்காதீக. நான் காலத்துக்கெல்லாம் சாக்கு சுத்தி காலைல மதியம் சாயங்காலம்னு ஊத்துனேன். எத்தனை நாள்ங்கிறத இன்ஜினியர் சார் சொல்லட்டும்.

அஸ்திவாரம்
இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் பிபிசி, அதான் சாம்பல் கலந்த சிமெண்ட், அதுக்கு குறைஞ்சது 10 நாள், நம்ம ஊரு வெயிலுக்கு 14 நாள் விடாம ஈரம் இருக்கணும். ஒரு நாள் காய விட்டு மறுநாள் ரெட்டிப்பா ஊத்துறது கணக்குல சேராது. ரூஃப் முட்டு எடுக்க அவசரப்படுத்துவாங்க, சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை ஏறும்னு. பதினஞ்சு அடிக்குள்ள அகலம்னா 7 நாள், மேலன்னா 14 நாள்னு விதி, நான் எதுவா இருந்தாலும் 14க்கு முன்னாடி எடுக்க விட மாட்டேன்.

நாலுசென்ட்
அண்ணாச்சி, குழி தோண்டி பாத்தாச்சு. வடகிழக்கு மூலையில பத்தடி போயும் சுக்கான் தட்டல, கருப்புதான். பைல்னு முடிவு பண்ணிட்டோம், மச்சானும் குழிக்குள்ள எட்டிப் பாத்துட்டு சரின்னுட்டாரு. முன்னாடி பன்னெண்டு அடி விடுறோம். இப்ப அப்பா அதுல வேப்பமரம் வைக்கணும்னு ஆசைப்படுறாரு, அம்மாவுக்கு பிடிச்ச மரம். மழைநீர் சேகரிப்பு குழியும் அங்கயே எடுக்கலாமா?

அஸ்திவாரம்
ரெண்டும் அங்க வேண்டாம், சொல்ல கஷ்டமா இருக்கு. வேம்பு வேரு கோடைல மண்ணுல உள்ள ஈரத்த உறிஞ்சி எடுக்கும், அந்த பக்கம் மண்ணு கூடுதலா சுருங்கும், வீடு அந்த பக்கம் சாயும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது வீட்ட விட்டு தள்ளி இருக்கணும், நாலு சென்ட்ல அது முடியாது. தெருவுல எதிர்ப்பக்கம் பொது இடம் காலியா இருந்தா கேட்டு வைங்க, அப்பா வாசல்ல சேர் போட்டு உக்காந்தா நேரா தெரியும். வாசல்ல தொட்டியில பவழமல்லி, கறிவேப்பிலை வைக்கலாம்.

மழைத்தண்ணி சேகரிப்பு 2003ல இருந்து கட்டாயம், செய்யணும், ஆனா கரிசல்ல குழி வெட்டி விட்டா தண்ணி கீழ இறங்காது, அஸ்திவாரத்த சுத்தி ஊறி நிக்கும். தொள்ளாயிரம் சதுர அடி மாடில 50 எம்எம் மழை பெஞ்சா 4,000 லிட்டருக்கு மேல வரும், அத முதல் மழைய கழிச்சுட்டு வடிகட்டி சம்பு, அதான் தரைக்கடித் தொட்டிக்குள்ள விடுங்க. சீவலப்பேரில இருந்து வர்ற தாமிரபரணி தண்ணிய எதிர்பாத்து இருக்கிற ஊருக்கு இத விட என்ன வேணும். செப்டிக் டேங்கையும் பின்பக்கம் முடிஞ்ச அளவு தள்ளி வச்சு, கசியாம கட்டுங்க.

லெஃப்ட்அவுட்
வாட்டம் ரொம்ப வச்சிராதீங்க இன்ஜினியர் தம்பி, பந்து ஒரே பக்கமா ஓடிரும்.

அஸ்திவாரம்
அம்பது அடிக்கு ஒரு அடிங்கிற கணக்குல வைப்போம் ஐயா. பன்னெண்டு அடிக்கு மூணு இன்ச். தண்ணி ஓடும், பந்து அவ்வளவா ஓடாது. மேல்பூச்ச ஸ்டீல் கரண்டில தேச்சு வழவழப்பா விடச் சொல்றேன், அந்த ஆடுற பதினஞ்சு அடிய மட்டும், வீட்டு வாசல்படி பக்கம் சொரசொரப்பா இருக்கட்டும், பெரியவரு வழுக்கிடக் கூடாது.

நாலுசென்ட்
அப்பாட்ட மரத்த பத்தி சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எதிர்ல வாய்க்கால் ஓரம் இடம் இருக்கு, கவுன்சிலர்ட்ட கேப்போம்னாரு. தை பிறந்ததும் வாஸ்து நாள் பாத்து பூமி பூஜை. பைல் போடுற அன்னைக்கு நான் முக்கியமா என்னென்ன பாக்கணும் அண்ணாச்சி?

அஸ்திவாரம்
குழி போட்ட அன்னைக்கே காங்கிரீட் போட்டுரணும், ராத்திரி திறந்து கிடந்தா சுவர் சரிஞ்சு அடி மூடிரும். குடத்துக்கு விரிக்கிற கருவி முழுசா விரிஞ்சுதான்னு மேல பிடியில அளவு தெரியும், ஒவ்வொரு குழிக்கும் நீங்களே நின்னு பாருங்க. அடியில கிடக்கிற உதிரி மண்ண எடுக்காம கம்பிக் கூட்ட இறக்க விடாதீங்க. கூடுல கவர் பிளாக், அதான் சின்ன காங்கிரீட் கட்டை, சுத்தி கட்டியிருக்கணும், கம்பி மண்ணத் தொடவே கூடாது. காங்கிரீட்ட மேல இருந்து அப்படியே கொட்டாம குழாய் வச்சு இறக்கச் சொல்லுங்க. தேதி முடிவானதும் இங்க போடுங்க, அந்த வாரம் நான் சாத்தூர்லதான் இருப்பேன், வந்து ஒரு குழியாவது பாத்துட்டு போறேன்.